மருட்டும் தெருட்டும்: கிர்க்கேயும் பழையனூர் நீலியும்

சென்னையிலிருந்து மேற்கே அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் திருவாலங்காடு ஒரு நிலையம். அதனை அடுத்துள்ளது பழையனூர். ஆவடிப் பக்கத்தில் ஆசிரியப்பணி செய்யும் எனக்கு, அவ்வழியிலிருந்து நாள்தோறும் வந்து பயிலும் மாணாக்கர் சிலர் உண்டு. ஒப்பிலக்கிய வகுப்பில் ஒருநாள், ஆடவரைப் பன்றிகளாக்கும் கிர்க்கே என்பாளின் வரலாற்றை ஹோமரின் ஒடிசியிலிருந்து சொல்லி முடித்தேன். அம்மாணாக்கருள் ஒருத்தி எழுந்து, ‘அவள் எங்கள் ஊர் நீலி போன்றவள்தானே, ஐயா?’ என்று வினவினாள். வகுப்பு நகைத்தது. நானும் ஆம் என்றே விடையிறுத்தேன். பின்னர் எண்ணிப் பார்த்தபோது, அஃது ஆராயாது கூறிய விடை என்பது புலனாயிற்று. கிர்க்கேயையும் முழுதும் படியாமல், நீலியையும் முழுதும் படியாமல், இருவரையும் ‘மாயமகள்’ என்னும் ஒரு சொல்லால் கட்டி வைத்துவிட்டேன். அந்த விடையைத் திருத்திக்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

கிரேக்கக் கதையிலிருந்து தமிழ்க்கதை பிறந்தது என்றோ, தமிழ்க்கதையிலிருந்து கிரேக்கக் கதை பிறந்தது என்றோ கூறுதல் ஈண்டு நோக்கமன்று. அதற்குச் சான்று இல்லை. இரு மொழியினரும் ஒரே வகைப் பெண்ணைப் படைத்துக்கொண்டு அவளை எவ்வாறு மதிப்பிட்டனர் என்று காண்பதே நோக்கம்.

கிர்க்கேயின் இரு பாதிகள்

கிர்க்கே கதிரவன் மகள். அயையா என்னும் தீவில் வாழ்பவள். ஒடிசியின் பத்தாம் பகுதியில் ஒடிசியஸின் கலம் அத்தீவை அடைகின்றது. யூரிலோக்கஸ் என்பான் 22 பேரை அழைத்துக்கொண்டு அவள் மனையை நோக்கிச் செல்கின்றான். மனையைச் சுற்றி ஓநாய்களும் அரிமாக்களும் நாய்போல் வாலாட்டி நிற்கின்றன. உள்ளே அவள் பாடிக்கொண்டே தறியில் ஆடை நெய்கின்றாள். யூரிலோக்கஸ் ஒருவன் ஐயுற்று வெளியே நின்றுவிட, ஏனையோர் உட்புகுகின்றனர். பாற்கட்டியும் வாற்கோதுமை மாவும் தேனும் மதுவும் கலந்து, அதில் மருந்தையும் சேர்த்து அவர்களுக்கு அளிக்கின்றாள். உண்டபின் கோலால் தட்ட, அவர்கள் பன்றிகளாகின்றனர். தலையும் குரலும் மயிரும் உடலும் பன்றியுடையவை. அறிவு மட்டும் முன்போலவே நின்றது என்று ஹோமர் கூறுவது கருதத்தக்கது. பன்றியின் உடலுக்குள் மனிதன் விழித்திருந்து அழுகின்றான். இதனினும் கொடிய தண்டனை வேறு இல்லை.

தோழரை மீட்கச் செல்லும் ஒடிசியஸுக்கு, ஹெர்மஸ் என்னும் தெய்வம் மோலி என்னும் மூலிகையைத் தருகின்றது. அதன் வேர் கரியது. மலர் பால்போல் வெளியது. அம்மூலிகையின் வலியால் மருந்து அவனிடத்துப் பயன்படவில்லை. வாளை உருவிக்கொண்டு பாய்கின்றான். அவள் அஞ்சி அவனைத் தன் பள்ளிக்கு அழைக்கின்றாள். தனக்குத் தீங்கு சூழ்வதில்லை என்று ஆணையிட்டாலன்றி இசையேன் என்கின்றான் அவன். அவள் ஆணையிடுகின்றாள். கதையை அறிந்தோர் பலர் இந்த இடத்தோடு நின்றுவிடுவர். மாயமகள் தோற்றாள்; வீரன் வென்றான்; அவ்வளவே.

ஆனால் ஹோமர் நிற்கவில்லை. உணவு முன்வைக்கப்பட்டபோது, தோழர் பன்றியாய்க் கிடக்கத் தான் உண்ணேன் என்று ஒடிசியஸ் மறுக்கின்றான். கிர்க்கே வேறொரு மருந்தைப் பூசி அவர்களை மீட்கின்றாள். மீண்டவர் முன்னையினும் இளையராய், நெடியராய், அழகியராய்த் தோன்றினர் என்கிறது காப்பியம். அவர்கள் அழுகையைக் கேட்டு அவளும் இரங்கினாள் என்றும் கூறுகிறது. ஓராண்டு விருந்தோம்புகின்றாள். ஊர் திரும்ப விழைந்தபோது தடுக்கவில்லை. இறந்தோர் உலகுக்கு வழி கூறுபவளும் அவளே. மயக்கும் பாட்டுடைய சைரன்களையும், கடலில் ஆளை விழுங்கும் ஸ்கில்லாவையும், தொடலாகாத கதிரவனின் ஆனிரையையும் முன்னறிவித்து எச்சரிப்பவளும் அவளே. இட்ட ஆணையை அவள் ஒருபோதும் மீறவில்லை. ஒடிசியஸோ நூல் முழுதும் பொய்யுரை புனைந்து பிழைப்பவன். இருவருள் சொல் தவறாதவர் யார் என்று கேட்டால், விடை மாயமகள் பக்கமே சாயும்.

இந்த இரண்டாம் பாதி பின்வந்தோரால் மறக்கப்பட்டது. உரோமப் புலவர் ஹோரேஸ் தம் கடிதப்பா ஒன்றில் அவளைப் பரத்தை என்றே குறித்தார். ஓவிட் தம் உருமாற்றக் காப்பியத்தில், காதலை மறுத்தவனை மரங்கொத்திப் பறவையாக்கிய பொறாமைக்காரியாக அவளைக் காட்டினார். 1590இல் வெளிவந்த ஸ்பென்சரின் தேவதையரசிக் காப்பியத்தில் அவள் அக்ரேசியா என்னும் காமத்தின் வடிவானாள். 1634இல் நடிக்கப்பெற்ற மில்டனின் கோமஸில், தீய மாயம் செய்வோன் அவள் மகனாகவே பிறந்தான். அமெரிக்க எழுத்தாளர் மேடலின் மில்லர் 2018இல் எழுதிய புதினத்தில்தான் கிர்க்கே தன் கதையைத் தானே சொல்லும் நிலையைப் பெற்றாள். அந்நாவல் புதுமையன்று, ஹோமர் முன்பே எழுதிவைத்த பாதியை மீட்டெடுத்ததே அதன் பணி என்பது என் கருத்து.

பழையனூர்க் கதை

இனி நீலியிடம் வருவோம். கதை பல வடிவங்களில் வழங்குகின்றது. தென்குமரிப் பகுதியில் வில்லுப்பாட்டாகவும் பாடப்பெறுகின்றது. அவற்றின் பொதுக்கூறு இது: முற்பிறப்பில் கணவனால் கொல்லப்பட்ட பெண்ணொருத்தி பேயாகின்றாள். அக்கணவன் வணிகனாகப் பிறந்து பழையனூர் வழியே வருகின்றான். தீங்கு நேரும் என்று அறிந்து கையில் வாள் ஒன்றையும் வைத்திருக்கின்றான். நீலி அவன் மனைவியின் உருவை எடுத்துக்கொண்டு, கள்ளிக்கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அழுதுகொண்டே பின்தொடர்கின்றாள். ஊர் வேளாளர் 70 பேரிடம் முறையிடுகின்றாள். குழந்தை அவனைத் தந்தையென்று அழைத்துத் தாவுகின்றது. வேளாளர் நம்பினர். வாளை வாங்கி வைத்துக்கொண்டு, ‘உனக்குத் தீங்கு வந்தால் நாங்கள் உயிர் தருவோம்’ என்று பிணை நின்றனர். அன்றிரவு வணிகன் கொல்லப்பட்டான். சொன்ன சொல்லைக் காக்க அவர்கள் தீயிற் புகுந்தனர். 7ஆம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் ஆலங்காட்டுப் பதிகத்தின் முதற்பாட்டிலேயே இந்நிகழ்ச்சியைச் சுட்டுகிறார் என்பர். எனவே கதை மிகப் பழையது.

இரு கதைகளிலும் வாள் வருகின்றது. ஒடிசியஸ் வாளைக் கைவிடாமையால் பிழைக்கின்றான். வணிகன் கைவிட்டமையால் மடிகின்றான். எனினும் இவ்வொற்றுமையினும் வேற்றுமையே பெரிது. கிர்க்கே பிறர் உருவை மாற்றுகின்றாள். நீலி தன் உருவை மாற்றுகின்றாள். கிர்க்கே ஏன் அவ்வாறு செய்தாள் என்பதற்கு ஹோமர் காரணம் கூறவில்லை. நீலிக்குக் காரணம் உண்டு, அவள் கொலையுண்டவள். அவள் கேட்டது ஒரு கொலைக்கு நீதி.

இவ்வளவு தெளிவான காரணம் கதைக்குள்ளேயே இருந்தும், ஊர் நினைவில் நின்றது யாது? வேளாளர் வாய்மை ஒருபுறம். ‘நீலிக்கண்ணீர்’ என்னும் வழக்கு மறுபுறம். சேக்கிழார் வரலாற்றைப் பாடிய உமாபதி சிவாசாரியாரும் தொண்டைநாட்டு வேளாளர் பெருமைக்கு இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டினார். வாய்மையின் ஒளி விளங்க வேண்டுமாயின் அதற்குப் பின்னணியாக வஞ்சகத்தின் இருள் வேண்டும். அவ்விருளாக நீலி வைக்கப்பட்டாள். அவள் முதற்பிறப்பில் சிந்திய உண்மைக் கண்ணீரை மொழி மறந்தது. இரண்டாவதாகச் சிந்திய பொய்க்கண்ணீரைப் பழமொழியாக்கிப் போற்றியது. நீலி என்பது கொற்றவைக்கும் உரிய பெயர் என்பதை எண்ணுங்கால், வழக்கு எவ்வளவு கீழே இறங்கியது என்பது விளங்கும்.

விலங்காக்கும் ஆற்றல் யாருடையது?

மனிதரை விலங்காக்கும் செயல் தமிழ்க் காப்பியங்களில் இல்லையோ எனின், உண்டு. ஆனால் அதனைச் செய்பவள் மாயமகள் அல்லள். சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில், உறையூருக்கு அருகே ஒரு சோலையில் பரத்தை ஒருத்தியும் அவளோடு திரிவான் ஒருவனும் வருகின்றனர். கோவலனையும் கண்ணகியையும் தம் மக்கள் என்கிறார் கவுந்தியடிகள். ஒரு வயிற்றுப் பிறந்தோர் கணவன் மனைவியாதலும் உண்டோ என்று அவர்கள் எள்ளுகின்றனர். கண்ணகி செவி புதைத்து நடுங்குகின்றாள். அடிகள் சபிக்க, இருவரும் நரிகளாகி ஊளையிடுகின்றனர். மருந்தும் இல்லை, கோலும் இல்லை, சொல் ஒன்றே. எள்ளப்பட்ட அக்கணவனும் மனைவியுமே இரங்கி வேண்ட, 12 திங்களுக்குப்பின் அவர்கள் பண்டை உருப்பெறுவர் என்று அடிகள் எல்லை வகுக்கின்றார். திருவிளையாடற் புராணத்தில் சுகலன் மக்கள் பன்னிருவர் தேவகுருவை இகழ்ந்து, அவர் சாபத்தால் பன்றிக்குட்டிகள் ஆகின்றனர். அங்கும் ஆற்றல் தவத்தினுடையது, விளைத்தது இகழ்ச்சி.

மனிதனை விலங்காக்கிய கவுந்தியடிகளை எவரும் மாயமகள் என்பதில்லை. செயல் ஒன்றே, பெயர் வேறு. செய்தவர் நோன்புடையவர் என்பதாலும், அவர் தமக்காகச் செய்யவில்லை என்பதாலும் பெயர் மாறியது. உருமாற்றம் தன்னளவில் தீதன்று என்பதற்கு மணிமேகலையும் சான்று. வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தை அவள் தெய்வத்தினிடம் பெற்றாள். காயசண்டிகை வடிவு கொண்டது ஒருவனை மயக்கவன்று. மயங்கித் தொடர்ந்த உதயகுமரனிடமிருந்து விலகவே. அதே சிலப்பதிகாரத்தில் கானுறை தெய்வம் வசந்தமாலை வடிவில் கோவலனை மயக்க முயல்கின்றது. அவன் மந்திரத்தால் அதன் உண்மையை அறிய, தன் செயலைக் கண்ணகிக்கும் அடிகளுக்கும் உரையாதே என்று வேண்டி மறைகின்றது.

இவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை பெறப்படும். ஹோமர் கிர்க்கே என்னும் ஒருத்தியிடம் சேர்த்துவைத்த இரண்டு ஆற்றல்களைத் தமிழ்க் காப்பியப் புலவர் பிரித்துவைத்தனர். பிறரை விலங்காக்கும் ஆற்றலைத் தவத்தார்க்குக் கொடுத்தனர். தன்னுருவை மாற்றி மயக்கும் ஆற்றலைக் கானுறை தெய்வத்துக்கும் பேய்க்கும் கொடுத்தனர். முன்னது வணங்கப்பட்டது, பின்னது வெறுக்கப்பட்டது.

ஆலங்காட்டின் இரு பேய்மகளிர்

இப்பிரிவு எவ்வளவு கூர்மையானது என்பதைக் காண வேறெங்கும் செல்ல வேண்டா. ஆலங்காடே போதும். காரைக்கால் அம்மையார் கணவனால் துறக்கப்பட்டபின், அழகு பொருந்திய ஊனுடலை உதறிப் பேய் வடிவை விரும்பிப் பெற்றார். இறைவன் ஆடும் ஆலங்காட்டைத் தலையால் நடந்து அடைந்தார், பதிகங்கள் பாடினார். அவர் தலையால் நடந்த தலத்தை மிதிக்க அஞ்சிச் சம்பந்தர் ஊர்ப்புறத்தே தங்கினார் என்பது வரலாறு.

ஒரே நிலப்பரப்பில், ஒருத்தி அழகை நீக்கிப் பேயானாள். மற்றொருத்தி பேயாயிருந்து அழகைப் பூண்டாள். முன்னவள் அம்மை, பின்னவள் நீலி. இருவரும் கணவனை இழந்தவர்களே. ஒருவர் கணவன் அஞ்சி விலகினான். மற்றவள் கணவன் கொன்றான். கொலையுண்டவள் பழிக்கப்படுவதும் கைவிடப்பட்டவர் போற்றப்படுவதும் எதனால்? அழகை எத்திசையில் செலுத்தினர் என்பதே அளவுகோலாயிற்று என்று தோன்றுகிறது. பெண்ணின் அழகு ஆடவனை நோக்கி வருமாயின் அது வஞ்சம். ஆடவனை விட்டு விலகுமாயின் அது தவம். அம்மையாரின் பெருமைக்கு இவ்வளவுகோல் வேண்டுவதில்லை. அவர் பாடல்களே சான்று. நீலிக்கு இவ்வளவுகோல் போதாது என்பதே என் கருத்து.

நீலகேசி என்னும் இரண்டாம் பாதி

நீலிக்கு இரண்டாம் பாதி எழுதப்படாமல் இல்லை. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசியே அது. சமயதிவாகர வாமன முனிவரின் உரையோடு அந்நூலை அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்தார்.

பாஞ்சால நாட்டில், காளிக்கு உயிர்ப்பலியிட வந்தோரை முனிச்சந்திரர் என்னும் சமண முனிவர் தடுத்து, மண்ணால் செய்த விலங்குருவங்களைப் படைக்கச் செய்கின்றார். பலியிழந்த காளி அவரை அகற்ற இயலாமல், தெற்கே பழையனூர் நீலியின் துணையை நாடுகின்றாள். நீலி முதலில் அச்சுறுத்திப் பார்க்கின்றாள், பயனில்லை. பின்னர் அரசன் மகள் வடிவில் சென்று மயக்க முயல்கின்றாள். முனிவர் அவளை இன்னாள் என்று அறிந்துகொள்கின்றார். அவரிடம் வாளும் இல்லை. மோலி மூலிகையும் இல்லை. அறிவே அவருக்குக் காப்பு. நீலி வியந்து, அறம் கேட்டு, உயிர்க்கொலையை விடுகின்றாள்.

கிர்க்கேயின் கதையோடு இஃது எவ்வளவு ஒத்தது என்பதைக் காண்க. மயக்க வந்தவள் மயங்காதவனைக் கண்டு மனம் மாறுகின்றாள், அதன்பின் வழிகாட்டியாகின்றாள். விலங்குகளும் இருகதைகளிலும் உள்ளன. அங்கே மனிதர் விலங்காகிப் பட்டியில் அடைபடுகின்றனர். இங்கே மண்ணுருவம் விலங்கின் இடத்தில் நின்று, உண்மை விலங்கு உயிர் பிழைக்கின்றது. உருமாற்றம் என்னும் கருத்தை அருளின் பக்கம் திருப்பிய பெருமை நீலகேசியின் ஆசிரியர்க்கு உரியது.

எஞ்சிய நூல் முழுதும் வாதங்கள். தரும உரை நீங்கலாக ஒன்பது சருக்கங்களிலும் நீலகேசி நாடு நாடாகச் சென்று, குண்டலகேசி முதலிய பௌத்தரோடும் ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் ஆகியோரோடும் வாதிடுகின்றாள். இந்நூல் குண்டலகேசி என்னும் பௌத்தக் காப்பியத்துக்கு மறுப்பாக எழுந்தது என்பது யாவரும் அறிந்தது. தன்னைக் கொல்லத் துணிந்த கணவனைத் தான் முந்திக்கொண்டு கொன்றவள் குண்டலகேசி. அவளுக்கு எதிரே நிறுத்தக் கணவனால் கொல்லப்பட்ட நீலியை ஆசிரியர் தேர்ந்தது தற்செயல் அன்று. இருவரும் கணவன் கொடுமையை அறிந்தவர். இருவரும் அதனைக் கடந்து அறிவை அடைந்தவர். இந்நூலுக்கு நீலகேசித் தெருட்டு என்றும் பெயர் உண்டு. மருட்ட வந்தவள் தெருட்டுகின்றாள். கண்ணீரால் ஊரை நம்பவைத்தவள் காரணம் காட்டி அவையை நம்பவைக்கின்றாள்.

ஒரு தடையும் விடையும்

நீலகேசி சமயச் சார்புடைய நூல். ஊர்த்தெய்வம் ஒன்றைச் சமணம் தனக்கு அடங்கிய மாணாக்கி ஆக்கிக்கொண்டது. சினமிக்க ஒருத்தியின் சினத்தைப் பறித்துக்கொண்டதை உயர்வு எனலாமோ என்று ஒரு தடை நிகழலாம். தடை வலியுடையது. கொலையுண்டவளின் வழக்கை நூல் தீர்த்துவைக்கவில்லை. அறத்தைக் காட்டி அவளை அமைதியாக்குகின்றது. இக்குறையை மறைப்பதற்கில்லை.

எனினும் ஒன்று நோக்கத்தக்கது. ஒடிசியஸின் கலம் புறப்பட்டபின் கிர்க்கே பேசுவதில்லை. அவள் அறிவு அவன் பயணத்துக்குத் துணையாகி முடிந்துவிடுகின்றது. நீலகேசியிலோ முனிவர் ஒதுங்கிக்கொள்ள, வாதப் பயணம் முழுதும் அவளுடையதாகின்றது. கேட்பவள் அவள், மறுப்பவள் அவள், வெல்பவளும் அவள். சமயத்தின் வாயாக அவள் பேசினாள் எனினும், தமிழ் அவளுக்கு ஒரு காப்பியம் முழுதும் பேச இடங்கொடுத்தது. அவ்விடத்தை ஹோமரும் கிர்க்கேக்குக் கொடுக்கவில்லை.

அங்ஙனமாயின் ஊர் ஏன் அதனை மறந்தது? நீலகேசி கற்றோர் நூல், தருக்க நூல், அதன் சமயம் இந்நாட்டில் சுருங்கியபின் பயில்வோரும் சுருங்கினர். ‘நீலிக்கண்ணீர்’ வழக்கோ ஏடு தேவையில்லாமல் நாவிலேயே வாழ்ந்தது. நூல் பதிப்பான பின்னும் நம் வகுப்புகளில் அஃது ஐஞ்சிறுகாப்பியப் பட்டியலில் ஒரு பெயராகவே நிற்கின்றது. நானும் பல ஆண்டுகள் அவ்வாறே கற்பித்தேன்.

ஆதலின் அம்மாணவிக்கு நான் அன்று கூறிய விடை பாதி விடையே. கிர்க்கே நீலி போன்றவள்தான். ஆனால் இருவரும் நாம் எண்ணியபடி ஆடவரைக் கெடுத்ததனால் ஒத்தவர் அல்லர். பிற்பாதி மறைக்கப்பட்டு, முற்பாதியே பெயராகி நின்றதனால் ஒத்தவர். அடுத்த பருவத்தில் நீலகேசியின் முதற் சருக்கத்தைப் பாடமாக வைத்துள்ளேன். வணிகன் கதையை அவள் தன் ஊரில் கேட்டறிந்தவாறு சொல்லட்டும். முனிச்சந்திரர் கதையை நூலிலிருந்து நான் சொல்கிறேன். இரண்டையும் ஒருங்கு கேட்டபின் வகுப்பு முன்போல் நகைக்குமா என்று பார்ப்போம்.